அளவோடு கொண்டால் அருமருந்து

செங்கல்பட்டுக்கும் காஞ்சிபுரத்துக்கும் இடைப்பட்ட பகுதியில், பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்று நதிகளும் ஒன்றுகூடும் இடத்தில் அமைந்திருக்கிறது திருமுக்கூடல். அங்கே எழுந்தருளியிருக்கும் அப்பன் வேங்கடேசப் பெருமாளைச் சேவிக்கச் செல்லும் அன்பர்கள், திருக்கோயில் சுவரில் நீண்டதொரு கல்வெட்டையும் காணலாம். 11ஆம் நூற்றாண்டில், வீரராஜேந்திர சோழன் காலத்தில் பொறிக்கப்பட்ட அந்தக் கல்வெட்டு, கோயிலைச் சார்ந்து நடைபெற்ற ஓர் ஆதுலர் சாலையைப் பற்றி விரிவாகப் பேசுகிறது. ஆதுலர் சாலை என்றால் பிணியாளர்களைப் பேணும் மருத்துவமனை. அதில் 15 படுக்கைகள் இருந்தன. மருத்துவர் ஒருவரும், அறுவைச் சிகிச்சை செய்பவர் ஒருவரும், மூலிகைகளைக் கொண்டுவந்து மருந்து தயாரிப்போரும், நோயாளிகளைக் கவனித்துக்கொள்ளும் பணிப்பெண்களும் நியமிக்கப்பட்டிருந்தனர்.

கல்வெட்டில் அடுத்து வருவது மருந்துகளின் பட்டியல். ஓராண்டுக்குச் சாலையில் இருப்பு வைக்கவேண்டிய மருந்துகளின் பெயர்கள் அதில் உள்ளன. வாசா அரிதகி, தசமூல அரிதகி, வில்வாதி கிருதம் என்று நீளும் அந்தப் பட்டியலில், மருந்தின் பெயரோடு அதன் அளவும் கூறப்பட்டிருக்கிறது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, மருந்து என்றால் அதைக் கொடுக்கத் தகுதியுள்ள மருத்துவர் ஒருவர் வேண்டும், அதற்கு ஓர் அளவும் வேண்டும் என்பதை முன்னோர் கல்லிலே எழுதி வைத்திருக்கிறார்கள்.

இன்று நிலைமை சற்று மாறியிருக்கிறது. மூலிகையின் பெயர் நிலைத்திருக்க, மருத்துவரும் அளவும் பல வீடுகளில் விடைபெற்றுக்கொண்டுவிட்டார்கள். காலை நடைப்பயிற்சி முடிந்ததும் பூங்கா வாசலில் ஒரு குவளை காய்ச்சாறு, வெளிநாட்டிலிருந்து மகன் வாங்கி வந்த மஞ்சள் காப்சூல், கைப்பேசியில் உறவினர் அனுப்பிய கஷாயக் குறிப்பு, இவற்றோடு சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருத்துவர் எழுதிக் கொடுத்த நான்கைந்து மாத்திரைகள் என்று அறுபது வயதைக் கடந்த பலருடைய அன்றாடம் அமைந்துவிட்டது. "இயற்கையானதுதானே, என்ன கெடுதல் வந்துவிடப் போகிறது?" என்பதே பொதுவான எண்ணம். இந்த எண்ணம் எந்த அளவுக்குச் சரி என்பதை உலகின் பல பாகங்களிலும், இந்தியாவிலும் நடந்த ஆய்வுகள் தெளிவாக்கியிருக்கின்றன. அவற்றுள் மகிழ்ச்சி தருவனவும் உண்டு; எச்சரிக்கை செய்வனவும் உண்டு.

சோதித்துப் பார்த்த மூலிகை

பாரம்பரிய மூலிகைகளை நவீன மருத்துவம் புறக்கணித்துவிட்டது என்று சொல்வது முழு உண்மையாகாது. சர்ப்பகந்தியின் வரலாறே இதற்குச் சான்று. பாரத நாட்டில் நெடுங்காலமாகப் பயன்பட்டுவந்த இந்த வேரை, பம்பாயைச் சேர்ந்த இருதய மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் உயர் இரத்த அழுத்த நோயாளிகளுக்குக் கொடுத்து ஆராய்ந்து, 1949ஆம் ஆண்டு பிரிட்டனின் இருதய மருத்துவ இதழில் முடிவுகளை வெளியிட்டார். 1952இல் சுவிட்சர்லாந்தில் அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்னும் பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. இரத்த அழுத்தத்துக்கு உலகெங்கும் பயன்பட்ட தொடக்கக் கால மாத்திரைகளுள் அதுவும் ஒன்றாயிற்று. எனினும், அதை உட்கொண்டவர்களுள் சிலருக்கு மனச்சோர்வு உண்டாவதும் பின்னர் கவனிக்கப்பட்டது. மேலும் நல்ல மருந்துகள் வந்தபோது அதன் பயன்பாடு குறைந்தது. வேரில் உண்மையான ஆற்றல் இருந்தது. அந்த ஆற்றலுக்கு ஒரு விலையும் இருந்தது. இரண்டையும் வெளிக்கொணர்ந்தது சோதனையே.

மருந்தை எதற்காக இவ்வளவு பாடுபட்டுச் சோதிக்கவேண்டும், பத்துப் பேர் "எனக்குக் கேட்டது" என்று சொன்னால் போதாதா என்ற ஐயம் எழலாம். மூட்டுவலிக்குக் கடைகளில் விற்கப்படும் குளுக்கோசமைன், காண்ட்ராய்ட்டின் என்னும் துணை மாத்திரைகளை அமெரிக்க அரசின் நிதியுதவியோடு 1,583 பேரிடம் ஆராய்ந்து, 2006இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவினருக்கு அந்த மாத்திரைகள். மற்றொரு பிரிவினருக்கு அதே தோற்றத்தில் மருந்தில்லாத வெற்று மாத்திரை. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, கொடுத்தவருக்கும் தெரியாது. ஆறு மாத முடிவில், வெற்று மாத்திரை உட்கொண்டவர்களிலேயே 60 சதவீதம் பேர் வலி கணிசமாகக் குறைந்ததாகக் கூறினர். துணை மாத்திரைகள் ஒட்டுமொத்தக் கணக்கில் அதைவிடக் குறிப்பிடத்தக்க அளவு மேம்படவில்லை. கடுமையான வலி இருந்த ஒரு சிறு பிரிவினரிடம் மட்டும் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது சிறிது பலன் தென்பட்டது.

வலி தானாகவே ஏறி இறங்கும் இயல்புடையது. நம்பிக்கையும் ஓரளவு வலியைத் தணிக்கும். ஆகவே "கேட்டது" என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால் கேட்டது மருந்தாலா, காலத்தாலா, நம்பிக்கையாலா என்பதை ஒருவருடைய அனுபவம் மட்டும் பிரித்துச் சொல்லிவிட முடியாது.

சோதனையில் தேறியவை

இத்தகைய சோதனைகளில் தேறிவந்த எளிய பொருள்கள் சில உண்டு. முதலாவது இசப்கோல். வயது முதிர்ந்தவர்களைப் பெரிதும் வருத்தும் மலச்சிக்கலுக்கு இது நல்ல பலன் தருவது நன்கு நிறுவப்பட்டது. அத்துடன், கெட்ட கொழுப்பைக் குறைக்கவும் இது உதவுகிறது. உணவில் நிறைகொழுப்பைக் குறைத்துக்கொண்டு, இசப்கோலிலிருந்து நாள்தோறும் 7 கிராம் கரையும் நார்ச்சத்து பெறுவது இருதய நோய் வரும் வாய்ப்பைக் குறைக்கக்கூடும் என்று அதன் உறையில் அச்சிடுவதற்கு அமெரிக்க உணவு மருந்துத் துறை 1998இல் அனுமதி அளித்தது. ஆனால் இதைப் போதிய நீருடன் அருந்தவேண்டும். நீர் குறைந்தால் தொண்டையிலோ குடலிலோ உப்பி அடைத்துக்கொள்ளும். விழுங்குவதில் சிரமம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் இதைத் தொடக்கூடாது.

இரண்டாவது வெந்தயம். ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 1980களிலிருந்தே வெந்தயத்தை ஆராய்ந்து, அது இரத்தச் சர்க்கரையைக் குறைப்பதைக் கண்டறிந்தார்கள். வெந்தயத்தின் கரையும் நார்ச்சத்து, உணவிலுள்ள சர்க்கரை இரத்தத்தில் சேரும் வேகத்தைத் தணிக்கிறது. இங்கும் அளவைக் கவனிக்கவேண்டும். 1990இல் வெளியான அவர்களுடைய ஓர் ஆய்வில் கொடுக்கப்பட்டது, கொழுப்பு நீக்கிய வெந்தயப்பொடி நாளொன்றுக்கு 100 கிராம். அதையும் உணவோடு கலந்தே கொடுத்தார்கள். இரவில் ஊறவைத்து வெறும் வயிற்றில் மெல்லும் ஒரு தேக்கரண்டி வெந்தயம் நல்ல பழக்கமே. ஆயினும் அந்த ஒரு தேக்கரண்டியை நம்பிச் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடுவது விபரீதம்.

மூன்றாவது தேன். சளி, இருமல் ஆகியவற்றில் தேனின் பயனைப் பற்றிய 14 ஆய்வுகளை ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவர்கள் 2020இல் தொகுத்துப் பார்த்து, வழக்கமாகக் கொடுக்கப்படும் சிகிச்சைகளைவிடத் தேன் இருமலைச் சற்று நன்றாகவே தணிக்கிறது என்று கூறினார்கள். சர்க்கரை நோயாளிகளுக்குத் தேனும் சர்க்கரைதான் என்பதையும், ஒரு வயது நிறையாத குழந்தைகளுக்குத் தேன் புகட்டவே கூடாது என்பதையும் இத்துடன் சேர்த்து நினைவில் வைக்கவேண்டும்.

துளசியைப் பற்றியும் மனிதர்களிடம் ஆய்வுகள் நடந்துள்ளன. 2017இல் வெளியான தொகுப்பு ஒன்று அத்தகைய 24 ஆய்வுகளைக் கணக்கில் கொண்டது. சர்க்கரை, மன அழுத்தம் போன்றவற்றில் நம்பிக்கையூட்டும் முடிவுகள் அவற்றில் உள்ளன. எனினும் பெரும்பாலானவை சிலரிடம் மட்டும், குறுகிய காலம் நடந்தவை. பெருமாள் சந்நிதியில் பெறும் துளசித் தீர்த்தம் பக்திக்கு உரியது. அதன் மகிமைக்கு ஆய்வுச் சான்று தேவையில்லை. ஆனால் அதை மாத்திரைக்கு மாற்றாகக் கொள்ளச் சொல்லி எந்தச் சாத்திரமும் கட்டளையிடவில்லை.

அஞ்சறைப்பெட்டி மஞ்சளும் காப்சூல் மஞ்சளும்

அளவு என்பதன் பொருளை மஞ்சளைவிடத் தெளிவாக விளக்கும் பொருள் வேறில்லை. மங்கலத்தின் அடையாளமான மஞ்சளில் குர்குமின் என்னும் பொருள் ஏறத்தாழ 3 சதவீதம் உள்ளது. மூன்று கிராம் மஞ்சள்தூளில் குர்குமின் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குகூட இராது. அதிலும் குடலில் உறிஞ்சப்படுவது மிகச் சொற்பம். சாம்பாரிலும் இரசத்திலும் சேரும் சிட்டிகை மஞ்சள் தலைமுறை தலைமுறையாக எவரையும் துன்புறுத்தாமல் இருப்பதற்கு இதுவே காரணம்.

காப்சூலின் கணக்கு வேறு. 500 மில்லிகிராம் குர்குமின் அடங்கிய ஒரு காப்சூல், ஏறக்குறைய 16 கிராம் மஞ்சள்தூளுக்குச் சமம். போதாததற்கு, உறிஞ்சப்படுவதை அதிகரிக்க மிளகிலுள்ள பைப்பரின் என்னும் பொருளையும் அதில் சேர்க்கிறார்கள். பைப்பரினுடன் சேரும்போது மனித உடலில் குர்குமின் சேரும் அளவு 20 மடங்காகிறது என்பதை 1998இல் கண்டறிந்து வெளியிட்டவர்கள் பெங்களூர் புனித ஜான் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள். அதே பைப்பரின், உடன் உட்கொள்ளும் வேறு சில மருந்துகளையும் இரத்தத்தில் அதிகமாகச் சேரச் செய்யக்கூடும்.

இந்த வீரியத்துக்குப் பலனும் உண்டு. தாய்லாந்தில் முழங்கால் தேய்மானத்தால் வருந்திய 367 பேரிடம் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், மஞ்சள் சாற்று மாத்திரை நான்கு வாரங்களில் இபுப்ரோஃபென் என்னும் வலி நிவாரணிக்கு ஏறத்தாழ ஒப்பான பலனைத் தந்தது. வயிற்று உபாதையும் குறைவாகவே இருந்தது. ஆனால், மறுபக்கமும் இருக்கிறது. மருந்துகளால் கல்லீரல் பாதிக்கப்படுவதை ஆராயும் அமெரிக்க மருத்துவர் குழுவினர், மஞ்சள் துணை மாத்திரைகளால் கல்லீரல் அழற்சி கண்ட 10 பேரைப் பற்றி அறிவித்தார்கள். அவர்களுள் எழுவரிடம் ஒரு குறிப்பிட்ட மரபுக்கூறு காணப்பட்டது. எல்லாருக்கும் இந்தத் தீங்கு வருவதில்லை. யாருக்கு வரும் என்பதை முகம் பார்த்துச் சொல்லவும் முடியாது. மஞ்சள் காப்சூல் உட்கொள்பவருக்குச் சிறுநீர் அடர்நிறமாகப் போதல், கண் மஞ்சளித்தல், பசியின்மை, உடல் அரிப்பு ஆகியவை தோன்றினால், காப்சூலை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் செல்லவேண்டும்.

சீந்திலின் அனுபவமும் இத்தகையதே. கொரோனா காலத்தில் நோய் எதிர்ப்பாற்றல் பெருகும் என்று எண்ணி, பலர் நாள்தோறும் மாதக்கணக்கில் சீந்தில் கஷாயம் அருந்தினார்கள். 2021இல் மும்பையில் கல்லீரல் பாதிப்புற்ற ஆறு பேரைப் பற்றியும், அதன் பின்னர் நாட்டின் 13 மருத்துவமனைகளில் 43 பேரைப் பற்றியும் கல்லீரல் மருத்துவர்கள் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் இதை மறுத்து, சீந்தில் பாதுகாப்பானது என்றும், அதை ஒத்த வேறொரு கொடியோடு குழப்பம் நேர்ந்திருக்கலாம் என்றும் கூறியது. இரு தரப்பினரின் கூற்றிலிருந்தும் சாதாரண மனிதர் பெறவேண்டிய பாடம் ஒன்றுதான். கொடியை அடையாளம் காணவும், எத்தனை நாள் அருந்தலாம் என்று வரையறுக்கவும் ஒரு மருத்துவர் வேண்டும்.

குவளைச் சாறு

சமையலில் சேரும்போது சாதுவாக இருக்கும் காய், குவளைச் சாறாக மாறும்போது வேறு குணம் காட்டக்கூடும். டெல்லியில் 2010ஆம் ஆண்டு, கசந்த சுரைக்காய்ச் சாற்றை அருந்திய விஞ்ஞானி ஒருவர் உயிரிழந்தார். அதைத் தொடர்ந்து இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வல்லுநர் குழுவை அமைத்து ஆராய்ந்தது. சுரைக்காயில் சிலவேளை குகுர்பிட்டாசின் என்னும் நச்சுப்பொருள் மிகுந்துவிடும். அதன் அடையாளம் கசப்பு. சாறு எடுப்பதற்கு முன் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பார்த்து, கசந்தால் எறிந்துவிட வேண்டும் என்பதே குழுவின் அறிவுரையின் சாரம். கசப்பு என்றாலே உடம்புக்கு நல்லது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு குடித்துவிடும் பெரியவர்கள் இதைக் கட்டாயம் அறிந்திருக்கவேண்டும்.

கேரளத்தில் இரும்பன்புளி எனப்படும் பிலிம்பிக் காயை ஊறுகாயிலும் குழம்பிலும் சேர்ப்பது தொன்றுதொட்ட வழக்கம். கொழுப்பு குறையும் என்ற எண்ணத்தில் அதைச் செறிந்த சாறாகப் பிழிந்து குடித்த 10 பேருக்குச் சிறுநீரகம் செயலிழந்ததை மருத்துவர்கள் 2013இல் பதிவு செய்தார்கள். காயில் மிகுந்துள்ள ஆக்சலேட் என்னும் பொருள் சிறுநீரகத்தில் படிந்ததே காரணம். அவர்களுள் எழுவருக்கு இரத்தச் சுத்திகரிப்புச் சிகிச்சை தேவைப்பட்டது. காய் ஒன்றுதான், ஊறுகாய்த் துண்டு வேறு, குவளைச் சாறு வேறு.

இருமலுக்கு வாயில் அடக்கிக்கொள்ளும் அதிமதுரமும் இந்த வரிசையில் சேரும். அதிலுள்ள கிளிசிரைசின் என்னும் பொருள், உடலில் உப்பையும் நீரையும் தேக்கி, பொட்டாசியத்தைக் குறைத்து, இரத்த அழுத்தத்தை உயர்த்துகிறது. நாளொன்றுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் இந்தப் பொருள் சேரக்கூடாது என்று ஐரோப்பிய நாடுகள் அறிவுறுத்தி வந்துள்ளன. அந்த அளவே ஆரோக்கியமான இளைஞர்களிடமும் அழுத்தத்தைச் சிறிது உயர்த்துவதை 2024இல் வெளியான சுவீடன் ஆய்வொன்று காட்டியது. இரண்டு நாள் இருமலுக்கு ஒரு சிறு துண்டு போதும். இரத்த அழுத்தமோ இருதய நோயோ உள்ளவர்கள் வாரக்கணக்கில் அதைச் சுவைத்துக்கொண்டிருப்பது நல்லதன்று.

விரத நாட்களில் பயன்படுத்தும் இந்துப்பு இரத்த அழுத்தத்துக்கு உகந்தது என்று கருதுவோர் பலர். அதுவும் பெரும்பகுதி சோடியம் குளோரைடு என்னும் சாதாரண உப்பே. அளவில் குறைத்தால்தான் பயன்; பெயரில் மாற்றினால் போதாது. தீர்த்தத்தில் சேர்க்கும் பச்சைக் கற்பூரமும் மிகச் சொற்பமாக இருக்கவேண்டும். ஆரத்திக்கு ஏற்றும் சூடத்தை எக்காரணத்தைக் கொண்டும் உள்ளுக்குச் சாப்பிடலாகாது. அது வலிப்பை உண்டாக்கும் நஞ்சு. பேரக்குழந்தைகளின் கைக்கு எட்டாதவாறு அதை வைக்கவேண்டும்.

சத்து மாத்திரைகள் யாருக்கு?

சத்து மாத்திரைகளில் சில, முதியோருக்கு உண்மையிலேயே தேவைப்படுகின்றன. பி12 வைட்டமின் தாவர உணவில் இல்லை. சைவ உணவினருக்குப் பாலும் தயிருமே அதன் வாயில். வயது ஏற ஏற வயிற்றில் அது உறிஞ்சப்படுவதும் குறைகிறது. சர்க்கரைக்கு உட்கொள்ளும் மெட்ஃபார்மின் நீண்ட காலத்தில் அதை மேலும் குறைக்கக்கூடும் என்பதால், அத்தகையோருக்கு அறிகுறி தென்பட்டால் பி12 அளவைச் சோதிக்கும்படி பிரிட்டனின் மருந்துக் கண்காணிப்புத் துறை 2022இல் மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது. கால் மரத்துப்போதல், நடையில் தடுமாற்றம், மறதி, அயர்ச்சி ஆகியவற்றை முதுமையின் இயல்பு என்று ஒதுக்காமல் ஓர் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நலம். குறை இருந்தால் மாத்திரையோ ஊசியோ நல்ல பலன் தரும்.

டி வைட்டமினின் நிலை சற்று வேறு. குறைபாடு உள்ளவர்களுக்கு அது அவசியம். குறைபாடு இல்லாதவர்களுக்கும் அது புற்றுநோயையும் மாரடைப்பையும் தடுக்குமா என்று அமெரிக்காவில் 25,871 பேரிடம் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆராய்ந்தார்கள். தடுக்கவில்லை என்பதே முடிவு. வாரம் ஒரு முறை எட்டு வாரத்துக்கு என்று மருத்துவர் எழுதிக்கொடுத்த 60,000 அலகுப் பொடியை, அதே பழைய சீட்டைக் காட்டி ஆண்டுக்கணக்கில் வாங்கி அருந்துவோர் உண்டு. இரத்தத்தில் கால்சியம் மிகுந்து, வாந்தியும் மலச்சிக்கலும் மனக்குழப்பமும் தோன்றி, சிறுநீரகம் பழுதடையும் அளவுக்கு அது கொண்டுபோய் விடக்கூடும்.

சத்து என்ற பெயருக்காக எதையும் அள்ளி உண்ணலாகாது என்பதற்குப் பின்லாந்தில் நடந்த ஆய்வு ஒன்று நிலையான சாட்சி. கேரட்டுக்கு நிறம் தரும் பீட்டா கரோட்டினை மாத்திரையாகக் கொடுத்தால், புகைபிடிப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்து 29,133 ஆண்களிடம் ஆராய்ந்தார்கள். 1994இல் முடிவு வந்தபோது, மாத்திரை உட்கொண்டவர்களிடம் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. கேரட் குற்றவாளியன்று. காயிலிருந்து ஒரே ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, காய் ஒருபோதும் தராத அளவில் கொடுத்தபோது நேர்ந்தது அது.

மாத்திரையோடு மூலிகை சேரும்போது

முதியோர் மிகவும் கவனிக்கவேண்டிய இடம் இதுவே. இருதயத்தில் செயற்கை வால்வு பொருத்திக்கொண்டவர்களும், இருதயத் துடிப்பு சீராக இல்லாதவர்களும் இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் போன்ற மாத்திரைகளை உட்கொள்வார்கள். அவர்கள் பூண்டு, மஞ்சள், ஜின்கோ போன்ற காப்சூல்களைத் தாமாகச் சேர்த்துக்கொண்டால் இரத்தக்கசிவு ஏற்படக்கூடும். மாறாக, கீரைகளில் உள்ள கே வைட்டமின் திடீரென்று அதிகமானால் வார்ஃபரினின் வேலை குறையும். கீரையை அறவே விடவேண்டியதில்லை. வாரந்தோறும் ஏறத்தாழ ஒரே அளவாக உண்டு, ஐ.என்.ஆர். பரிசோதனையை உரிய காலத்தில் செய்துகொண்டால் போதும்.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்கள், பாகற்காய்ச் சாறும் அருந்தி, ஏகாதசி என்று உபவாசமும் இருந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடலாம். குளிர்ந்த வியர்வை, கைநடுக்கம், படபடப்பு, பேச்சில் குழப்பம் ஆகியவை அதன் அறிகுறிகள். அவ்வேளையில் விரதத்தைக் கருதாமல் உடனே சர்க்கரையோ வெல்லமோ பழச்சாறோ கொடுக்கவேண்டும். உபவாச நாளில் மாத்திரையின் அளவை எப்படி மாற்றிக்கொள்வது என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது அறிவுடைமை. பாகற்காயைப் பற்றி 2012 வரை நடந்த தரமான ஆய்வுகளைத் தொகுத்த வல்லுநர்கள், அது சர்க்கரை நோய்க்கு மருந்து என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்றே கூறியிருக்கிறார்கள். கறியாகவும் பிட்லையாகவும் அது இலையில் இருக்கட்டும். மாத்திரையின் இடத்தை அது பிடிக்கவேண்டாம்.

தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்கவேண்டும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கும் அதற்கும் நான்கு மணி நேர இடைவெளி தேவை. இசப்கோலும் உடன் சேர்ந்தால் அதை உறிஞ்சவிடாது. அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தால், மூலிகை மாத்திரைகளை இரண்டு வாரத்துக்கு முன்பே நிறுத்தும்படி மயக்க மருத்துவர்கள் பொதுவாக அறிவுறுத்துவார்கள். கண்புரை அறுவையாயினும் எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

தூய்மையும் தரமும்

மூலிகை நல்லதாயிருந்தும் கலப்படத்தால் தீங்கு நேரலாம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருள்களைச் சோதித்தபோது, 14 பொருள்களில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்ததாக 2004இல் வெளியான ஆய்வு கூறியது. வங்கதேசத்தில் மஞ்சளுக்குப் பளிச்சென்ற நிறம் வரவேண்டும் என்று ஈயம் கலந்த சாயத்தைச் சேர்த்து வந்தார்கள். 2019இல் அரசு கடுமையான நடவடிக்கை எடுத்தது. 47 சதவீத மாதிரிகளில் இருந்த கலப்படம் 2021இல் முற்றிலும் ஒழிந்தது.

பெயர் தெரியாத பொட்டலங்களையும், "எல்லா நோய்க்கும் ஒரே மருந்து" என்று வீடு தேடி வரும் சூரணங்களையும் தவிர்ப்பது நல்லது. உரிம எண், தயாரிப்பு நாள், உட்பொருள்களின் பட்டியல் ஆகியவை உறையில் இருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். சித்த மருத்துவத்தை விரும்புவோருக்கு வழியில்லாமல் இல்லை. தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இயங்குகிறது. தமிழகத்தின் அரசு மருத்துவமனைகள் பலவற்றிலும் சித்த மருத்துவப் பிரிவுகள் உள்ளன. அங்கே பட்டம் பெற்ற மருத்துவர் நாடி பார்த்து, நோய் அறிந்து, அளவும் அனுபானமும் சொல்லி மருந்து தருகிறார். பாரம்பரியத்தின் மீது பற்றுள்ளவர்கள் செல்லவேண்டிய இடம் அதுவே.

ஒரு சிறு குறிப்பேடு

வங்கிக் கணக்குப் புத்தகத்தில் ஒவ்வொரு வரவையும் செலவையும் சரிபார்க்கும் பெரியவர்கள், உடம்புக்குள் செல்வதற்கும் அவ்வாறே ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம். சிறு குறிப்பேடு ஒன்றில் மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரைகள், தாமாக வாங்கிய சத்து மாத்திரைகள், சூரணம், கஷாயம், காலைச் சாறு என்று எதையும் விடாமல், பெயர், அளவு, வேளை, தொடங்கிய தேதி ஆகியவற்றை எழுதி வைக்கவேண்டும். ஒவ்வொரு முறை மருத்துவரிடம் செல்லும்போதும் அதை அவர் மேசை மீது வைக்கவேண்டும். "கோபித்துக்கொள்வாரோ" என்று தயங்கி மறைப்பதால் பாதிக்கப்படுவது நோயாளியே. புதிதாக ஒன்றைத் தொடங்குவதானால், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் தொடங்கவேண்டும். அப்போதுதான் நன்மை வந்தாலும் தீமை வந்தாலும் எதனால் என்று தெரியும். எந்த மூலிகையை நம்பியும், எழுதிக்கொடுத்த மாத்திரையைத் தாமாக நிறுத்தக்கூடாது.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் மூலிகைகளின் பெயர்களை அடுக்கவில்லை. முன்பு உண்டது செரித்ததை அறிந்து, பசித்த பின், அளவோடு உண்பதையே பெரும்பாலும் வலியுறுத்துகிறார். மருத்துவன் நோயையும், நோயாளியின் நிலையையும், காலத்தையும் ஆராய்ந்து செயல்படவேண்டும் என்பதும் அவ்வதிகாரத்தின் கருத்தே. இன்றைய ஆய்வுகள் சொல்வது இதிலிருந்து பெரிதும் மாறுபட்டதன்று.

தன்வந்திரி பகவானின் சந்நிதியிலோ வைத்தீசுவரன்கோயில் வைத்தியநாத சுவாமியின் சந்நிதியிலோ ஆரோக்கியம் வேண்டி நிற்கும் அன்பர்கள், வீடு திரும்பியதும் அலமாரியிலுள்ள குப்பிகளை ஒரு முறை வெளியே எடுத்துப் பார்க்கட்டும். காலாவதியானவற்றைக் களைந்து, மீதமுள்ளவற்றைக் குறிப்பேட்டில் எழுதி, அடுத்த முறை மருத்துவரிடம் காட்டட்டும். எல்லாம் வல்ல இறைவன் அனைவருக்கும் நோயற்ற வாழ்வை அருள்வானாக.